பெடல் இருந்தால் சைக்கிள் ஆகிவிடுமா?

திருவொற்றியூர் காலடிப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். பெயர், தெரு, கடை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 47. கணவர் இல்லை. வீட்டிலேயே சமைத்து, சுற்றியுள்ள கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார். வாரத்தில் நாலைந்து நாள் விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து வர வேண்டும். 15 கிலோ, சில நாள் 20 கிலோ. ஐஸ் பெட்டியைப் பார்த்தால் ஷேர் ஆட்டோவில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள்; தனி ஆட்டோ கட்டுப்படியாகவில்லை. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். காலைத் தூக்கிப் போட்டு ஏறுகிற வண்டி ஆகாது. கட்டுவது புடவை. இதுவரை எந்த வண்டியும் ஓட்டியதில்லை, பள்ளிக்கூட நாளில் ஓட்டிய சைக்கிளைத் தவிர.

நியூஜெர்சியில் இருக்கும் அக்கா மகன், குறுக்குக் கம்பி இல்லாத, தடிமனான டயர் போட்ட எலக்ட்ரிக் சைக்கிளில் தான் போகும் வீடியோவை அனுப்பி, "சித்தி, உங்களுக்கு இதுதான் சரி, அடுத்த தடவை வரும்போது ஒண்ணு எடுத்துட்டு வரேன்" என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையிலேயே அதே ஜாடையில் ஒரு வண்டி கண்ணில் பட்டிருக்கிறது. 1000 வாட், விலை 62,000 ரூபாய். "லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், ஹெல்மெட் வேண்டாம்" என்று நோட்டீஸ். 5,000 ரூபாய் அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. வேகத்தை 25-ல் லாக் செய்துதான் தருவார்களாம். வீட்டுக்குப் போனதும் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டால் 45 போகுமாம். 16 வயது மகனும் டியூஷனுக்கு அதையே எடுத்துப் போகலாம் என்று திட்டம்.

கேள்விகள் நாலைந்து. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அவர் வார்த்தையிலேயே: "பெடல் இருக்குது, அப்போ அது சைக்கிள்தானே? சைக்கிளை எந்தப் போலீஸ் நிறுத்தும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

போலீஸ் நிறுத்துவதைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிற அளவுக்கு நான் கவலைப்படவில்லை. விடியற்காலை நாலு மணிக்குப் புடவை கட்டிய ஒரு பெண் ஐஸ் பெட்டியோடு போகும் வண்டியை நிறுத்தி வாட் கேட்கும் காவலர் அபூர்வம். மாதக்கணக்கில் யாரும் கேட்காமலே போகலாம். நான் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிற வக்கீல். வண்டி யார் மேலாவது இடித்த மறுநாள் என்ன நடக்கிறது என்பதைத்தான் தினமும் பார்க்கிறேன். அந்த மறுநாளை மனதில் வைத்துத்தான் இந்தப் பதில்.

சட்டம் எதைப் பார்க்கிறது

பெடல் இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. மோட்டாரின் சக்தி எவ்வளவு, அது எந்த வேகம் வரை இழுக்கும், அந்த மாடலைச் சோதித்து யாராவது சான்று கொடுத்திருக்கிறார்களா என்ற மூன்றைத்தான் சட்டம் முக்கியமாகக் கேட்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 2-வது விதியின் 'யு' உட்பிரிவு இதைச் சொல்கிறது. மோட்டாரின் 30 நிமிட சக்தி 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் 25 கி.மீ.க்குள் நிற்க வேண்டும். பேட்டரியைக் கழித்துவிட்டு எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. சரியான பிரேக், முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் வேண்டும். பெடல் மிதிக்கும் வகை என்றால், வேகம் கூடக் கூட மோட்டாரின் இழுவை குறைந்துகொண்டே வந்து 25-ல் அடியோடு நிற்க வேண்டும். மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே நிற்க வேண்டும். இவை எல்லாம் 126-வது விதிப்படி அனுமதி பெற்ற பரிசோதனை நிலையம் ஒன்றில் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. அப்படி ஒன்று. நம் ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. இன்னொன்று.

இத்தனையும் பொருந்தினால்தான் அது மோட்டார் வாகனம் அல்ல. அப்போது லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் கட்டாயமில்லை. ஒன்று பொருந்தாவிட்டாலும், பெடல் இருந்தாலும், கூடை வைத்திருந்தாலும், பில்லில் 'இ-சைக்கிள்' என்றே எழுதியிருந்தாலும், அது மோட்டார் சைக்கிள் கணக்குத்தான்.

30 நிமிட சக்தி என்பது, மோட்டார் அரை மணி நேரம் விடாமல் ஓடித் தாங்கும் அளவு. ஏற்றத்தில் சில விநாடி கூடுதலாக இழுப்பது வேறு கணக்கு. அதனால் 'உச்சத்தில் 400 வாட்' என்று பெட்டியில் பார்த்ததுமே அது சட்டவிரோதம் என்று முடிவு கட்ட வேண்டாம். சான்றிதழில் 30 நிமிட சக்தி என்ன என்று பாருங்கள். ஆக்சிலேட்டர் இருக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆக்சிலேட்டர் இருப்பது மட்டுமே குற்றமில்லை. அந்த மாடல் அந்த ஆக்சிலேட்டரோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டுச் சான்று பெற்றதா என்பதுதான் விஷயம். பெடல் வண்டியாகச் சான்று வாங்கிவிட்டு, கடையில் ஆக்சிலேட்டரைத் தனியாக மாட்டி விற்றால் அந்தச் சான்று உங்களுக்குக் கை கொடுக்காது.

உங்கள் கடையில் இருக்கும் 1000 வாட் வண்டிக்கு இந்த விலக்கு கிடைக்க வழியே இல்லை. வேகத்தை 25-ல் பூட்டித் தந்தாலும் கிடைக்காது.

அந்த ஒரு ஒயர்

ஒயரைக் கழற்றுவது பற்றி நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் படிக்கும்போதே பகீரென்றது.

நல்ல சான்றிதழோடு வரும் 250 வாட் வண்டியிலேயே அந்த வேலையைச் செய்தால், அந்த நிமிடமே விலக்கு போய்விடும். பதிவு இல்லாத மோட்டார் வாகனத்தை லைசென்ஸ் இல்லாமல், இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுகிறீர்கள் என்று ஆகிவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி ஒவ்வொன்றும் தனித் தனிக் குற்றம். பதிவு இல்லாததற்கு 192-வது பிரிவில் முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. லைசென்ஸ் இல்லாததற்கு 181-ல் 5,000. இன்சூரன்ஸ் இல்லாததற்கு 196-ல் முதல் தடவை 2,000 அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹெல்மெட்டுக்கு 1,000. வண்டியை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளவும் 207-வது பிரிவு அதிகாரம் தருகிறது.

இந்த அபராதமெல்லாம் கூட்டினாலும் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது வேறு.

காசிமேட்டு வாசலில் விடிகாலை நேரத்தில் எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 30 வயதுள்ள ஒருவர் மேல் வண்டி மோதி, அவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில், மாத வருமானம் 20,000 ரூபாய், மனைவி, இரண்டு குழந்தைகள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எப்படிக் கணக்கிடும் என்றால்: ஆண்டு வருமானம் 2,40,000. எதிர்காலத்தில் கூடியிருக்கும் வருமானத்துக்காக 40 சதவீதம் சேர்த்தால் 3,36,000. இது உச்ச நீதிமன்றம் 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் வகுத்த கணக்கு. அதில் அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 2,24,000. அவர் வயதுக்கு 2009-ன் சரளா வர்மா தீர்ப்புப்படி 17 மடங்கு. 38 லட்சத்துக்கு மேல் வருகிறது. ஈமச் செலவு முதலியவை தனி.

பதிவு செய்து இன்சூரன்ஸ் எடுத்த ஸ்கூட்டர் என்றால் இந்தத் தொகையைக் கட்டுவது இன்சூரன்ஸ் கம்பெனி. இன்சூரன்ஸே இல்லாத மோட்டார் வண்டி என்றால் நீங்கள். 174-வது பிரிவின்படி கலெக்டர் மூலமாக நில வரி பாக்கியை வசூலிப்பது போல வசூலிப்பார்கள். காலடிப்பேட்டையில் சொந்த வீடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

'நம்பர் பிளேட்டே இல்லையே, எப்படித் தெரியும்?' என்று கடைக்காரர் சொன்னாராம். உயிர்ச்சேதமோ பெரிய காயமோ ஆன வழக்கில் போலீஸ் வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டி அறிக்கை வாங்கும். மோட்டாரில் பொறித்திருக்கும் எண்ணை அவர் பார்ப்பார், எழுதுவார். அந்த அறிக்கை வழக்குக் கட்டில் இருக்கும். கடைக்காரர் அன்றைக்கு உங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்.

எதிர்ப்பக்கமும் உண்டு, அதில் கொஞ்சம் ஆறுதல் இருக்கிறது. உங்களை ஒரு லாரி இடித்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். லைசென்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விபத்தில் உங்களுக்கும் பங்குண்டு என்று சொல்லிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சுதிர் குமார் ராணா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே லாரிக்காரரின் இன்சூரன்ஸிடம் நீங்கள் இழப்பீடு கேட்கலாம். சென்னையில் அதற்கான தீர்ப்பாயம் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இயங்குகிறது. ஆனால் 25-ல் ஓட வேண்டிய வண்டி 45-ல் ஓடியது என்று எதிர்த்தரப்பு நிரூபித்துவிட்டால், வேகத்தைக் காட்டியே தொகையைக் குறைக்க வாதாடுவார்கள். நான் அந்தப் பக்கம் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

சட்டப்படியான சைக்கிள் என்பதால் பொறுப்பே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு, பொது வழியில் அஜாக்கிரதையாக எந்த வண்டியை ஓட்டினாலும் பொருந்தும். சாதாரண சைக்கிளும் அதில் அடக்கம்.

மகன் ஓட்டலாமா

மாற்றம் எதுவும் செய்யாத, சான்று பெற்ற 250 வாட் வண்டியை 16 வயதுப் பையன் ஓட்டச் சட்டத்தில் தடையில்லை. 1000 வாட் வண்டியையோ ஒயர் கழற்றியதையோ கொடுத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு வரும். பையனுக்கு 18 ஆகவில்லை என்றால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அவனுக்குத் தெரியாது என்று நீங்கள் சொன்னாலும், உங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஒயர் எங்கே இருக்கிறது என்று அவனுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். டியூஷன் தேரடிக்கு அந்தப் பக்கம் என்றால் மெட்ரோவில் போகட்டும். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எக்ஸ்பிரஸ் ரோட்டில் சைக்கிள் பையன்கள் இடைவெளியில் புகுந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். டிரைவருக்கு இடது பக்கம் கீழே இருப்பது தெரியாது.

அக்கா மகனின் வண்டி

அன்போடுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் அவர் ஊர்க் கணக்கு வேறு. அமெரிக்காவில் பல மாநிலங்களில் 750 வாட் வரை சைக்கிளாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். மூன்று வகுப்பாகப் பிரித்து, முதல் இரண்டுக்கும் மணிக்கு 20 மைல், அதாவது 32 கி.மீ.; மூன்றாவதுக்கு 28 மைல், அதாவது 45 கி.மீ. அங்கே நேர்மையாகச் சட்டத்துக்கு உட்பட்டு ஓடும் வண்டி இங்கே இறங்கியதும் பதிவில்லாத மோட்டார் சைக்கிள் ஆகிவிடும். நம் ஊர்ப் பரிசோதனைச் சான்று அதற்கு இருக்காது என்பதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவுக்குக் கொண்டுபோயும் பயனில்லை.

அதோடு, விமானத்தில் பயணியின் சாமானாக அந்தப் பேட்டரியைக் கொண்டுவரவே முடியாது. 160 வாட்-ஹவரைத் தாண்டிய லித்தியம் பேட்டரிக்குப் பயணிகள் விமானத்தில் அனுமதி இல்லை. 48 வோல்ட், 14 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 672 வாட்-ஹவர். பேட்டரி இல்லாமல் வண்டியை மட்டும் கொண்டுவந்து இங்கே ஏதோ ஒரு பேட்டரியைக் கட்டுவது தீ விபத்தை விலைக்கு வாங்குவது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கு ஏற்ற வண்டி

தடித்த டயர் பற்றிய உங்கள் ஆசை தவறில்லை. நம் பகுதிச் சாலைக்கு அது பொருத்தம்தான். பள்ளம், கொட்டிக் கிடக்கும் மணல், தண்டவாளம் குறுக்கிடும் இடம்: மெல்லிய டயர் தண்டவாள இடுக்கில் சிக்கி ஆளைத் தள்ளிவிடும், 4 அங்குல டயர் சிக்காது. ஆனால் 'வழுக்கவே வழுக்காது' என்று கடையில் சொன்னதை நம்பாதீர்கள். மீன் தண்ணீர் ஒழுகிய சிமென்ட் தரையிலும், பள்ளத்தை மூடப் போட்ட இரும்புத் தகட்டிலும், மணலி பக்கம் டேங்கர் சிந்திய எண்ணெயிலும் எந்த டயரும் வழுக்கும்.

டயர் தடிக்கத் தடிக்க உருளும்போது ஏற்படும் தடையும் கூடும். பேட்டரி சீக்கிரம் தீரும். நோட்டீஸில் 60 கி.மீ. என்று போட்டிருந்தால், 36 வோல்ட் 10 ஆம்பியர்-ஹவர் பேட்டரியோடு, மீன் சுமையோடு, அதிகம் மிதிக்காமல் போனால் 25 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் காலடிப்பேட்டையிலிருந்து காசிமேடு போய் வர ஏறக்குறைய 10 கி.மீ.தான். அது போதும்.

'250 வாட் பாலம் ஏறாது' என்றாராம். நீங்கள், வண்டி, மீன் எல்லாம் சேர்த்து 115 கிலோ என்று வைப்போம். 100 மீட்டருக்கு 4 மீட்டர் உயரும் மேம்பாலத்தை மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஏற ஏறக்குறைய 150 வாட், டயர் உருளும் தடையைச் சமாளிக்க 50, 60 வாட். மொத்தம் 200 சொச்சம். கொஞ்சம் மிதித்துக் கொடுத்தால் ஏறிவிடும். வேகமாக ஏறாது, அவ்வளவுதான்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது புடவையிலேயே போங்கள். சுடிதாரில் போய் ஏறிப் பார்த்துவிட்டு வாங்கினால் ஏமாறுவீர்கள். 20 அங்குல ரிம்மில் 4 அங்குல டயர் போட்ட வண்டியின் சக்கரம், தரையிலிருந்து சுமார் 24 அங்குலம் உயரம். 26 அங்குல ரிம் என்றால் சுமார் 30. முழங்கால் வலிக்குச் சின்னச் சக்கரமே நல்லது. சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பட வேண்டும். பின் சக்கரத்துக்குப் புடவைக் காப்பு வலை இல்லை என்றால் வாங்கி மாட்டிய பிறகுதான் கடையை விட்டு வண்டி வெளியே வர வேண்டும். குறுக்குக் கம்பி இல்லாத ஃபிரேமில் சுமையெல்லாம் அடிக்குழாயில்தான் விழும். ஐஸ் பெட்டியைக் கேரியரில் வைத்து ஓட்டிப் பாருங்கள். நடுவில் ஆட்டம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். மடக்கும் மாடல்களில் அந்தக் கீல் இருக்கும் இடத்தைக் கூடுதலாகக் கவனியுங்கள். கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். 25 கிலோவுக்குக் குறைந்தால் உங்களுக்கு உதவாது.

பிரேக்கைத் தொட்டதும் மோட்டார் நிற்கிறதா என்று நின்ற இடத்திலேயே சோதிக்கலாம். மிதிக்கும் அழுத்தத்தை அளந்து உதவும் வகை, பெடல் சுற்றினாலே உதவும் வகை என்று இரண்டு உண்டு. உங்கள் முழங்காலுக்கு இரண்டாவது சுலபம். அது கிளம்பும்போது சற்று வெடுக்கென்று இழுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி மைதானத்தில் பழகுங்கள்.

பஞ்சர்தான் பெரிய தலைவலி. இந்த அளவு டியூப் எல்லா சைக்கிள் கடையிலும் இருக்காது, ஆகவே இரண்டு டியூப் வாங்கி வீட்டில் வையுங்கள். பின் சக்கரத்தில் மோட்டார் இருந்தால் அதன் ஒயரைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஆளாகப் பார்த்து வையுங்கள். லாரி டயருக்குக் காற்று அடிக்கும் கடையில் இதற்குக் காற்று பிடிக்காதீர்கள். இந்த டயர்கள் 20, 25 பி.எஸ்.ஐ. போல மிகக் குறைந்த அழுத்தத்தில் ஓடுபவை. அளவு டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். கையால் அடிக்கும் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

கடல்காற்று உப்பு, மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீர். இவை இரண்டும் பேட்டரி முனைகளை அரித்துவிடும். பேட்டரிக்கு ஐ.பி.67 தரம், அதாவது தூசியும் தண்ணீரும் புகாத தரம், உண்டா என்று கேளுங்கள். அப்படி இருந்தாலும் தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதையில் இறக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி எடுக்கும்படி இருப்பது நல்லது. வண்டி 30 கிலோ இருக்கும், மாடிக்குத் தூக்க முடியாது. வாசற்படியில், வெளியேறும் ஒரே வழியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள், ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வண்டி சும்மா நிற்கும் என்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில் வையுங்கள். முழுசாக ஏற்றியோ, அடியோடு தீர்ந்தோ இரண்டு மாதம் கிடந்தால் ஆயுசு குறையும்.

ஹெல்மெட், இந்த வகை வண்டிக்குச் சட்டம் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். அத்துடன், தபால் நிலையத்திலோ வங்கியிலோ பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் சேருங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். கட்டாய இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை எடுக்கும்போது குறைந்தபட்சம் இதாவது இருக்க வேண்டும்.

இன்னொரு வழியையும் யோசித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் கூடி, மீன் 30, 40 கிலோ ஆகிவிட்டால் 250 வாட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். காலைத் தூக்காமல் ஏறும் வண்டி என்றால் பதிவு செய்யும் எலக்ட்ரிக் ஸ்கூட்டரும் அதுதானே. கால் வைக்கும் தட்டில் ஐஸ் பெட்டி உட்காரும், பச்சை நம்பர் பிளேட் வரும், இன்சூரன்ஸ் வரும். காசிமேட்டில் மீன்கூடையோடு ஓடும் எக்ஸ்.எல். மொபெட்டும் அந்த ஜாதிதான். கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் எடுக்க வேண்டும். 40 வயதைத் தாண்டியவர் என்பதால் 1ஏ படிவத்தில் டாக்டர் சான்று வேண்டும். எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம், வாங்கி 30 நாள் கழித்து டெஸ்ட். 'இந்த வயசுல ஆர்.டி.ஓ. ஆபீஸா' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைவிடப் பெரியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இப்போதைய சுமைக்கு 250 வாட் போதும். ஆனால் உங்கள் தொழில் போகிற போக்கைப் பார்த்தால் இரண்டு வருடத்தில் ஸ்கூட்டருக்கு வருவீர்கள் என்றே தோன்றுகிறது, எல்.எல்.ஆரை இப்போதே போட்டுவைப்பது நஷ்டமில்லை. சின்ன வண்டி, அல்லது நம்பர் பிளேட் போட்ட வண்டி. நடுவில் இருக்கும் அந்த 1000 வாட் வண்டியை மட்டும் தொடாதீர்கள்.

கொடுத்த 5,000 ரூபாய்

முதலில் கடைக்காரரிடம் சண்டை போடாமல் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்: இந்த மாடலின் பரிசோதனைச் சான்றிதழ் நகல் வேண்டும், மோட்டாரின் 30 நிமிட சக்தி, அதிகபட்ச வேகம், சோதித்த நிலையத்தின் பெயர் இவற்றைப் பில்லில் எழுதித் தர வேண்டும். நேரில் கேட்டால் வாயால் சொல்லி அனுப்பிவிடுவார்; எழுத்தில் கேட்டால் எழுத்தில்தான் பதில் வரும், அல்லது பதிலே வராது. இரண்டும் உங்களுக்குச் சாட்சி.

சான்று இல்லை என்றால், லைசென்ஸும் பதிவும் வேண்டாம் என்று பொய் சொல்லி விற்க முயன்றதாக ஆகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் இது தவறான விளம்பரம், முறையற்ற வணிகம். அட்வான்ஸைத் திருப்பித் தரச் சொல்லி 15 நாள் அவகாசத்தோடு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பல கடைகள் அந்த அழைப்பு வந்ததுமே பணத்தைக் கொடுத்துவிடுகின்றன. அப்படியும் நடக்காவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அட்வான்ஸ் ரசீதும் அந்த நோட்டீஸும்தான் உங்கள் முக்கிய ஆவணம். நோட்டீஸ் மீன் மடிக்கப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.